சுரங்கத்துக்குள் நெருப்பைச் சுழற்றாதீர்கள்

போன வாரம் முதல் என் முகநூலில் ஒரே மாதிரிப் படங்களாக வந்து நிறைகின்றன. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், பெராபிட் மலைப் பக்கம் கைவிட்டுக் கிடக்கும் பழைய ரயில் சுரங்கம். நடுவில் ஒருவர் நிற்கிறார். அவரைச் சுற்றித் தங்க நிறத்தில் ஒரு நெருப்பு வட்டம், கூரை வரைக்கும் தெறிக்கும் பொறிகள். எடுத்தவர்கள் பெரும்பாலும் எனக்குத் தெரிந்த பிள்ளைகள். சுங்கை சிப்புட், பாடாங் ரெங்காஸ், கோலகங்சார் பக்கத்துப் பிள்ளைகள். கேமரா நன்றாகத் தெரிந்தவர்கள். அவர்கள் மேல் மதிப்பு இருப்பதால்தான் எழுதுகிறேன்: தம்பிகளே, தங்கைகளே, அந்தச் சுரங்கத்துக்குள் ஸ்டீல் வூல் எரிப்பதை விட்டுவிடுங்கள்.

இது என்னவென்று தெரியாதவர்களுக்கு: மெல்லிய இரும்பு இழைகளின் கொத்தான ஸ்டீல் வூலை முட்டை அடிக்கும் கம்பிக்குள் திணித்து, சங்கிலியில் கட்டி, பற்ற வைத்துச் சுழற்றுவார்கள். காற்றுப் படப்பட இரும்பு இழை எரியும், உருகிய துணுக்குகள் நாலா பக்கமும் பறக்கும். கேமரா ஷட்டர் பத்து இருபது விநாடி திறந்திருப்பதால் ஒவ்வொரு துணுக்கும் ஒரு கோடாகப் பதியும். வெட்டவெளியில், தரை நனைந்திருக்கும்போது, பக்கத்தில் ஒருவர் தண்ணீர் வாளியோடு நிற்கச் செய்தால் அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. சுரங்கத்தில் அது நடக்காது. புகை சீக்கிரம் வெளியேறாது. வாசலில் மூங்கில் சருகு குவிந்திருக்கிறது. மேலே வௌவால்கள் குட்டிகளோடு தொங்குகின்றன. பறக்கும் இரும்புத் துணுக்கு ஈரச் சுவரில் ஒட்டினால் துருப்பிடித்து அங்கேயே தங்கிவிடும்.

இதையெல்லாம் விட எனக்குப் பெரிய வருத்தம் இன்னொன்று. அந்தப் படங்களில் சுரங்கமே இல்லை. நெருப்பு மட்டும்தான் இருக்கிறது. அதே வட்டத்தைப் பள்ளிக்கூடத் திடலில் சுழற்றியிருந்தாலும் படம் அப்படியேதான் வந்திருக்கும். அவ்வளவு தூரம், அட்டைக்கடி பட்டு, மண் பாதையில் நடந்து போனது எதற்காக?

அந்தச் சுவர் யாருடைய வேலை என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மலாயாவின் முதல் ரயில் பாதை 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட்டுக்குப் போனது. அதைப் போட இலங்கையிலிருந்து பயனியர் படை என்ற கட்டுமான வேலைப் படையினரைக் கொண்டு வந்தார்கள். நம்ம பக்கம் காராயில் பேராக் ஆற்றின் மேல் நிற்கும் விக்டோரியா பாலம் 1900-இல் திறக்கப்பட்டது. பிறையிலிருந்து சிரம்பான் வரைக்கும் பாதை 1903-இல் இணைந்தது. கோலகங்சாருக்கும் தைப்பிங்குக்கும் நடுவே இந்த மலை குறுக்கே நின்றதால்தான் சுரங்கம் குடைய வேண்டி வந்தது. பிறகு வந்த எத்தனையோ ஆண்டுகள் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டவர்களில் பெரும்பகுதி தமிழ்நாட்டிலிருந்து வந்த கூலிகள். கட்டையை மாற்றியது, சல்லி கொட்டியது, மழையில் மண் சரிந்தால் ராத்திரியோடு ராத்திரியாக அள்ளியது எல்லாம் அவர்கள் கை. ஸ்டேஷன் மாஸ்டர் மேசையில் யாழ்ப்பாணத்தார், வெளியே வெயிலில் நம்ம தாத்தாக்கள். இரட்டைத் தண்டவாளம் வந்தபோது மலைக்குள் மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளமான புதிய சுரங்கத்தைத் தோண்டினார்கள். 2015 முதல் இடிஎஸ் என்ற மின்சார ரயில் அதன் வழியாகப் பாடாங் பெசார் வரைக்கும் ஓடுகிறது. பயணிகள் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்குவதற்குள் மலை தாண்டிப் போய்விடுகிறது. பழையது இருட்டில் கிடக்கிறது.

அந்த இருட்டுக்குள் ஒளியோடு போகிறவர்கள் இன்றைக்கு நீங்கள்தான். அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

ஒரு சாதாரண டார்ச் லைட் போதும். கேமராவை முக்காலியில் வைத்து, ஐஎஸ்ஓ 100, எஃப் 8, பல்ப் மோட் (வேண்டிய நேரம் வரை ஷட்டரைத் திறந்தே வைக்கும் முறை) என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவரில் ஓர் இடத்தில் வெளிச்சம் அடித்து ஃபோகஸ் செய்துவிட்டு மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள், இருட்டில் லென்ஸ் தானாகத் தேடிக்கொண்டே இருக்கும். கை நடுக்கத்தைச் சரிசெய்யும் ஸ்டெபிலைசர் இருந்தால் அணைத்துவிடுங்கள். ஷட்டரைத் திறந்து வைத்து, கறுப்புச் சட்டையோடு சுரங்கத்துக்குள் நடங்கள். நீங்கள் ஓரிடத்தில் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருந்தால், உங்கள் மேல் வெளிச்சம் படாதவரை, படத்தில் நீங்கள் விழ மாட்டீர்கள். டார்ச்சின் வாய் லென்ஸைப் பார்க்கக் கூடாது.

இதில் முக்கியமானது வெளிச்சத்தை எங்கிருந்து அடிக்கிறோம் என்பதுதான். கேமரா பக்கத்தில் நின்று நேராக அடித்தால் சுவர் தட்டையாக, சுண்ணாம்பு பூசியது மாதிரி வரும். சுவரை ஒட்டி நின்று பக்கவாட்டில் அடியுங்கள். அப்போது ஒவ்வொரு மேடும் ஒரு நிழல் போடும், ஒவ்வொரு பள்ளமும் தெரியும். தண்ணீர் ஒழுகி ஒழுகி வெள்ளையாகப் படிந்த தடங்கள், கூரையில் நீராவி எஞ்சின் காலத்துக் கரி, ஒருவர் ஒதுங்கி நிற்கிற அளவுக்குச் சுவரில் விட்டிருக்கும் குழி எல்லாம் எழுந்து வரும். ரயில் வரும்போது தண்டவாளத்தைப் பார்த்துக்கொள்ளும் கேங்கு ஆட்கள் ஒண்டிக்கொள்ளும் இடம் அது. அந்தக் குழிக்குள் மட்டும் மஞ்சள் வெளிச்சம், மற்ற இடமெல்லாம் மங்கல் என்று ஒரு படம் எடுத்துப் பாருங்கள். நெருப்பு வட்டம் உங்களுக்கே அலுத்துவிடும்.

தூரம் இரட்டிப்பானால் சுவரில் விழும் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகக் குறையும். அதனால் தூரத்துச் சுவருக்குக் கிட்டப் போய் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தச் சுவரில் அதிக நேரம் வெளிச்சம் அடிக்க வேண்டும். சுரங்க வாய் படத்தில் வருமானால் மாலை மங்கும் நேரத்தில் எடுங்கள். பகலில் அந்த வாய் வெறும் வெள்ளை ஓட்டையாகத்தான் வரும். ஏர்கோன் காரிலிருந்து இறங்கியதும் லென்ஸில் ஈரம் படியும் என்பது நம் நாட்டில் எல்லாருக்கும் தெரிந்த கதை. கேமராப் பையை முன்கூட்டியே வெளியே வைத்துவிடுங்கள்.

ஒரு படத்துக்கு இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் ஆகும். அந்த நேரம் முழுக்க நீங்கள் சுவரோடு நடந்துகொண்டிருப்பீர்கள். நெருப்பு சுழற்றும்போது சுவரைப் பார்க்க உங்களுக்கு நேரமே இருக்காது.

ஷட்டரைத் திறந்து வைத்து ஒளியால் வரையும் இந்தக் கலைக்கு ஒரு பழைய கதை உண்டு. 1889-இல் பிரான்ஸில் ஜார்ஜ் டெமெனி நடக்கும் மனிதனின் மூட்டுகளில் விளக்குக் கட்டிப் படம் எடுத்தார். 1935-இல் அமெரிக்கக் கலைஞர் மேன் ரே சின்ன விளக்கால் காற்றில் எழுதினார். 1949-இல் பிக்காசோ இருட்டறையில் விளக்கால் வரைந்ததை புகைப்படக்காரர் ஜியோன் மிலி எடுத்த படங்கள்தான் உலகம் முழுக்கத் தெரிந்தவை. என் மனதைத் தொந்தரவு செய்வது இவர்கள் யாருமில்லை, அமெரிக்காவின் ஃபிராங்க், லில்லியன் கில்பிரெத் தம்பதியர். 1914 வாக்கில் அவர்கள் தொழிலாளிகளின் கைகளில் சிறு விளக்குகளைக் கட்டி, வேலை செய்யவிட்டு, ஷட்டரைத் திறந்து வைத்து எடுத்தார்கள். எந்த அசைவு வீண், எதை வெட்டினால் வேலை சீக்கிரம் முடியும் என்று பார்ப்பதற்காக. ஒளிக்கோடு அங்கே உழைப்பின் கணக்கு.

அதே கோடு நம் ரப்பர் தோட்டங்களில் வருஷக்கணக்காக ஓடியிருக்கிறது. விடிவதற்கு முன் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிந்து, நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போவார்கள். வெயில் ஏறினால் பால் வரத்துக் குறைந்துவிடும் என்பதால் அந்த நேரம். என் பாட்டி அப்படிப் போனவர். மரத்துக்கு மரம் விளக்கு போகும், ஒரு மரத்தில் சாய்வாக இறங்கும், அடுத்த மரத்துக்கு நகரும். நூற்றுக்கணக்கான மரங்கள், ஒவ்வொன்றிலும் அதே சாய்வு. அதை யாரும் ஷட்டர் திறந்து எடுத்து வைத்ததாக என் கண்ணில் படவில்லை. ரப்பர் போய் செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்துவிட்டது. மிச்சம் இருக்கும் சில்லறைக் காடுகளில், அதாவது தனியாரின் சிறு ரப்பர் தோட்டங்களில், இன்னும் சிலர் வெட்டுகிறார்கள். அவர்களும் நின்றுவிட்டால் அந்தப் படத்தை எந்த ஆப்பாலும் திருப்பி எடுக்க முடியாது.

“அண்ணே, நெருப்புப் படம்தான் லைக் வாங்குது” என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். உண்மைதான், வாங்குகிறது. ஆனால் தம்பி, உங்கள் படத்தையும் பக்கத்து ஊர்க்காரர் படத்தையும் பெயரை மறைத்துவிட்டு வைத்தால் எது உங்களுடையது என்று உங்களுக்கே தெரியாதே. டார்ச்சோடு நடந்து எடுத்த படத்தில் அந்தக் குழப்பம் வராது. எங்கே நின்றீர்கள், எந்தச் சுவரில் நேரம் எடுத்துக்கொண்டீர்கள் என்பது அதில் பதிந்திருக்கும்.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அந்த இடம் யாருடையதோ, அவர்களிடம் அனுமதி வாங்கிப் போங்கள். மழைக்காலத்தில் போகாதீர்கள். தனியாகப் போகாதீர்கள். வௌவால்கள் கூட்டமாக இருக்கும் பகுதியில் டார்ச்சை மேலே திருப்பாதீர்கள். ரயில் ஓடும் பாதையில் கால் வைப்பதை நினைத்தே பார்க்காதீர்கள்.

சில்லறைக் காட்டில் பால் வெட்டும் ஓர் அக்காவிடம் பேசியிருக்கிறேன். ஒரு காலை அவர் வேலை செய்வதை நாம் தூர நின்று எடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். அவருக்கு அன்றைய கூலியை நாம் எல்லாரும் சேர்ந்து தர வேண்டும், அவர் வேலைக்குக் குறுக்கே போகக் கூடாது, அவர் முகம் தெரிய வேண்டாம் என்றால் தெரியக் கூடாது. வர விரும்புகிறவர்கள் எனக்குச் செய்தி அனுப்புங்கள். மழை பெய்தால் பால் வெட்டு இல்லை, நாமும் போக மாட்டோம். முக்காலியும் டார்ச்சும் கொண்டு வாருங்கள். ஸ்டீல் வூல் கொண்டு வருகிறவரை நான் அழைத்துப் போவதாக இல்லை.