எலிக்குச் சரி, பெய்ஜிங்காரருக்கு?

சீன மூலிகைக் கஷாயம், காற்று மாசில் இருக்கும் பிஎம் 2.5 (2.5 மைக்ரானுக்கு மிகாத) நுண்தூசியிலிருந்து நுரையீரலைக் காக்கும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை, சரி, ஆனால் இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை எலிகளில் நடந்தவை என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். தூசியை உப்புக்கரைசலில் கலந்து எலியின் மூச்சுக்குழாயில் நேரடியாக விடுவார்கள், அப்புறம் ஹுவாங்ச்சி என்ற சீன மூலிகை வேர் மாதிரி ஏதாவது கொடுத்து அழற்சி குறைகிறதா என்று பார்ப்பார்கள். தெருவில் வருஷக்கணக்காக அதைச் சுவாசிக்கிற மனிதன் கதை வேறு.

மூலிகையை மட்டம் தட்டவில்லை. சீன விஞ்ஞானி து யூயூவுக்கு 2015-ல் நோபல் வாங்கித் தந்த மலேரியா மருந்தான ஆர்டெமிசினினும் செடியிலிருந்து வந்ததுதான், ஆனால் மூலக்கூறைப் பிரித்தெடுத்து மனிதர்களிடம் சோதித்துக் காட்டினார்கள்.

தூசியைக் குறைத்தது கஷாயம் அல்ல: பெய்ஜிங்கில் 2013-ல் கன மீட்டருக்குச் சுமார் 90 மைக்ரோகிராமாக இருந்த பிஎம் 2.5 ஆண்டு சராசரி 2021-ல் 33-க்கு இறங்கியது நிலக்கரியையும் வாகனப் புகையையும் கட்டுப்படுத்தியதால். அதுவும் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பான 5-க்குப் பக்கத்தில்கூட இல்லை.