புது நேரமா, பழைய நேரமா?

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில், பழைய கொப்பி மட்டையில் அம்மா எழுதி ஒட்டிய ஓர் அட்டவணை இருக்கிறது. லண்டனில் அண்ணா, கனடாவில் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் தங்கை, மெல்பேர்னில் சின்ன மாமா. ஒவ்வோர் ஊருக்கும் எதிரே இரண்டு எண்கள்: லண்டன் 4½, 5½, கனடா 9½, 10½, மெல்பேர்ன் 4½, 5½. அப்போதைக்கு எது சரியான எண்ணோ அதன்மேல் ஒரு ஸ்ரிக்கர் பொட்டு. லண்டனுக்கும் மெல்பேர்னுக்கும் ஒரே எண்களாக வந்ததில் அம்மாவுக்கு ஆரம்பத்தில் பெரிய மகிழ்ச்சி. ஒன்றுக்குக் கழிக்க வேண்டும், மற்றதற்குக் கூட்ட வேண்டும் என்பதைப் பழகிக்கொள்ளத்தான் சில காலம் எடுத்தது.

அந்த ஊர்களில் கோடைகால நேரம் என்று மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளி, குளிர்காலத்துக்கு மறுபடி பின்னே திருப்புகிறார்கள். இலங்கையில் நாங்கள் அப்படிப் பருவத்துக்குப் பருவம் மணிக்கூட்டைத் திருப்புவதில்லை. ஆனாலும் ஆண்டுக்கு ஆறு ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் அந்தப் பொட்டு இடம் மாறுகிறது. மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு கனடாவுக்கு, கடைசி ஞாயிறு லண்டனுக்கு, ஏப்ரல் முதல் ஞாயிறு மெல்பேர்னுக்கு. பின்னர் ஒக்ரோபர் முதல் ஞாயிறு, ஒக்ரோபர் கடைசி ஞாயிறு, நவம்பர் முதல் ஞாயிறு. கடந்த மார்ச்சில் பொட்டை மாற்ற மறந்த அம்மா, ஸ்காபரோவில் இருக்கும் பேத்தியின் பிறந்தநாளுக்குக் காலை ஐந்தரைக்கு எடுக்க வேண்டிய அழைப்பை ஆறரைக்கு எடுத்தார். அங்கே இரவு ஒன்பது மணி. கேக் வெட்டி முடிந்து, பிள்ளை உறங்கியும் விட்டாள். அன்று மாலை முழுவதும் அம்மா எவருடனும் அதிகம் பேசவில்லை.

இந்த மாற்றத்தை ஒழிக்க வேண்டுமா என்ற வாதம் ஒவ்வொரு மார்ச்சிலும் எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் எழுகிறது. ஒழிக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. என் வேறுபாடு அதன் பிறகு தொடங்குகிறது. ஒழித்துவிட்டு எந்த நேரத்தில் நிற்பது என்று கேட்டால், ஸ்காபரோவும் லண்டனும் ஒரே குரலில் கோடைகால நேரம் என்கின்றன. குளிர்கால நேரம்தான், அதாவது சூரியனுக்கு அண்மையில் நிற்கும் பழைய நேரம்தான் நிலைக்க வேண்டும் என்பது என் கருத்து. கொழும்பில் இருந்துகொண்டு உனக்கு இதைப் பற்றி என்ன தெரியும் என்று தங்கை கேட்கிறாள். முன்னகர்த்திய நேரத்தில் ஆண்டு முழுவதும் வாழ்ந்தால் எப்படி இருக்கும் என்பதை நாங்கள் பத்தாண்டுகள் அனுபவித்துப் பார்த்தவர்கள் என்பதை அவள் மறந்துவிட்டாள். கொழும்பை விட்டு அவள் போனது 2009 இல்; பாடசாலைக் காலத்தின் பெரும்பகுதியை அந்த நேரத்தில்தான் கழித்தாள்.

1996 ஆம் ஆண்டு வரட்சியில் நீர்த்தேக்கங்கள் வற்றின. மின்சாரத்துக்கு அன்று பெரும்பாலும் நீரையே நம்பியிருந்த நாட்டில், மே 25 அன்று அரசாங்கம் மணிக்கூடுகளை ஒரு மணித்தியாலம் முன்னே நகர்த்தியது. ஐந்து மாதம் கழித்து, ஒக்ரோபர் 26 அன்று அதில் அரை மணித்தியாலத்தைத் திருப்பித் தந்தது. மிகுதி அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் 15 வரை எங்களிடம் திரும்பி வரவில்லை. அந்தப் பத்தாண்டுகளில் கலியாண வீட்டுக்கோ கோயில் பூசைக்கோ நேரம் சொன்னால், “புது நேரமா, பழைய நேரமா?” என்று கேட்காதவர் இல்லை. பஞ்சாங்கம் அரசாங்கத்தின் சொல்லைக் கேட்பதில்லை. இராகுகாலம் சூரியனோடு போனது, அலுவலகம் சுவர்க் கடிகாரத்தோடு போனது.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. பாடசாலை ஏழரைக்குத் தொடங்கும். வான் ஆறு பத்துக்கு ஒழுங்கை முகப்பில் வந்து நிற்கும். தை, மாசி மாதங்களில் கொழும்பில் சூரியன் உதிப்பதே பழைய நேரப்படி ஏறத்தாழ ஆறரை மணிக்கு. புது நேரத்தில் அது ஏழு மணிக்குச் சற்று முன்னர். ஆகவே வானுக்கு நின்ற பிள்ளைகள் எல்லோரும் நல்ல இருட்டில் நின்றோம். அப்பா ரோர்ச் லைட்டுடன் வருவார். வெள்ளைச் சீருடை மட்டும் தெரியும், முகம் தெரியாது, யார் வந்துவிட்டார்கள் என்பதைக் குரலை வைத்துத்தான் அறிவோம். முதல் பாடவேளையில் பாதி வகுப்பு மேசையில் தலை சாய்த்திருக்கும். போர்க்காலக் கொழும்பில், இருட்டில் வீதியில் நிற்பதற்குப் பெற்றோர் வேறு காரணங்களாலும் அஞ்சினார்கள் என்பதை விளக்கத் தேவையில்லை. 2006 இல் பழைய நேரத்துக்குத் திரும்பியபோது சொல்லப்பட்ட காரணங்களுள், பிள்ளைகள் இருட்டில் எழுந்து பாடசாலை செல்கிறார்கள் என்ற பெற்றோரின் முறைப்பாடும் ஒன்று.

(இடையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வன்னியில் புலிகளின் நிர்வாகப் பகுதியில் இந்தப் புது நேரம் ஏற்கப்படவே இல்லை. 2003 இல் ஏ9 பாதையால் யாழ்ப்பாணம் போனபோது, அந்தப் பகுதி தொடங்கும் ஓமந்தை தாண்டியதும் அப்பா கைக்கடிகாரத்தை அரை மணித்தியாலம் பின்னே திருப்பினார். அது முடியும் முகமாலை தாண்டியதும் மறுபடி முன்னே திருப்பினார். ஒரே தீவில் ஒரு பகற்பயணத்துக்குள் இரண்டு நேர வலயங்கள்.)

சேமித்த மின்சாரத்துக்காக இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம் என்று அன்று எங்களுக்குச் சொல்லப்பட்டது. மாலையில் விளக்குப் போடுவது பிந்தும் என்பது உண்மைதான். மின்சார சபை உச்ச நேரமாகக் கணக்கிடுவதும் மாலை 6.30 இலிருந்து இரவு 10.30 வரைதான். ஆனால் மாலையில் அணைத்த விளக்கை அம்மா காலை ஐந்து மணிக்குக் குசினியில் போட்டார், நான் குளியலறையில் போட்டேன், அப்பா வாசலில் போட்டார். அமெரிக்காவின் இந்தியானா மாநிலம் முழுவதும் 2006 இல் கோடைகால நேரத்துக்கு மாறியபோது, வீடுகளின் மின்பாவனை குறையவில்லை. ஏறத்தாழ ஒரு வீதம் கூடியது என்று அங்கு ஆராய்ந்த பொருளியலாளர்கள் கண்டார்கள். விளக்கில் மிஞ்சியதைக் குளிரூட்டியும் வெப்பமூட்டியும் விழுங்கிவிட்டன. முதல் உலகப் போரின் நடுவே, 1916 இல், நிலக்கரியை மிச்சம் பிடிக்க ஜேர்மனி இதைத் தொடங்கிய காலத்தில் வீட்டு மின்செலவு என்றால் பெரும்பாலும் விளக்குத்தான். இன்று அப்படியில்லை.

தங்கையின் வாதத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். கொழும்பில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒரு மணித்தியாலம்கூட வேறுபாடில்லை. ரொறன்ரோவில் அந்த வேறுபாடு ஆறரை மணித்தியாலம், லண்டனில் ஏறக்குறைய ஒன்பது. ஜூன் மாதத்தில் இரவு ஒன்பது மணிவரை வெளிச்சம் இருக்க, வேலை முடிந்து வந்து பிள்ளைகளைப் பூங்காவுக்குக் கூட்டிப்போவது அவளுக்கு அந்த நாட்டில் கிடைத்த மிகப் பெரிய இன்பம் என்கிறாள். ஆனால் அதே நேரத்தை ஜனவரியிலும் வைத்திருந்தால், ரொறன்ரோவில் சூரியன் உதிக்க ஏறத்தாழ ஒன்பது மணியாகும். லண்டனிலும் டிசம்பரில் ஒன்பது தாண்டும். பனியில், இருட்டில், பஸ்ஸுக்கு நிற்கப்போவது அவளுடைய அதே பிள்ளைகள்தான்.

அமெரிக்கா இதை ஒருமுறை செய்தும் பார்த்தது. எண்ணெய் நெருக்கடியின்போது, 1974 ஜனவரியில் ஆண்டு முழுவதற்குமாகக் கோடைகால நேரத்தைக் கொண்டுவந்தார்கள். இருட்டில் பாடசாலை செல்லும் பிள்ளைகளைப் பற்றிய கவலை முதல் குளிர்காலத்திலேயே வெடித்தது. அவ்வாண்டு ஒக்ரோபரில் மணிக்கூடு மறுபடியும் பின்னே போனது. ரஷ்யா 2011 இல் நிரந்தரக் கோடைகால நேரத்துக்கு மாறி, மூன்று குளிர்காலங்கள் பொறுத்து, 2014 இல் நிரந்தரக் குளிர்கால நேரத்துக்கு வந்தது. அமெரிக்க உறக்க மருத்துவக் கழகமும் 2020 இல் குளிர்கால நேரத்தையே நிரந்தரமாக்கும்படி கேட்டது. இவ்வளவுக்குப் பின்னும் 2022 மார்ச்சில் அமெரிக்க செனட் சபை நிரந்தரக் கோடைகால நேரத்துக்கு எதிர்ப்பே இன்றி ஒப்புதல் கொடுத்ததை என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை. பிரதிநிதிகள் சபை அதை எடுக்காமல் விட்டது நல்லதாயிற்று.

ஐரோப்பாவின் கதை வேறு விதமான ஏமாற்றம். 2018 இல் ஐரோப்பிய ஆணைக்குழு மக்களிடம் கருத்துக் கேட்டபோது 46 இலட்சம் பதில்கள் வந்தன. அவற்றில் 84 வீதம் மாற்றத்தை நிறுத்தச் சொன்னவை. 2019 இல் ஐரோப்பிய நாடாளுமன்றமும் 410 க்கு 192 என்ற வாக்குகளில், 2021 உடன் நிறுத்த ஆதரவளித்தது. எந்த நேரத்தில் நிற்பது என்பதில் உறுப்பு நாடுகள் ஒன்றுபடாததால் அது அப்படியே கிடக்கிறது. எங்கள் வட்ஸ்அப் குழுவைப் போலத்தான்.

ஒழிக்க இன்னும் பல ஆண்டுகள் ஆகும் என்றால், அதுவரை ஒன்றையாவது செய்யலாம். 2006 வரை அமெரிக்காவும் கனடாவும் இலையுதிர்காலத்தில் ஐரோப்பாவுடன் ஒரே ஞாயிற்றுக்கிழமையிலேயே, ஒக்ரோபர் கடைசி ஞாயிறன்று, மணிக்கூட்டைத் திருப்பின. வசந்தத்திலும் ஒரு கிழமைதான் இடைவெளி. 2007 இல் அமெரிக்கா தன் கோடைகால நேரத்தை இரு பக்கமும் நீட்ட, கனடாவின் பெரும்பகுதியும் பின்தொடர்ந்தது. அதை மட்டும் திரும்பப் பெற்றால்கூட நவம்பர் முதல் ஞாயிறு அம்மாவின் அட்டவணையிலிருந்து போய்விடும். இந்த மார்ச்சில் பிறந்தநாள் அழைப்பைத் தவறவிடக் கூடாது என்று அவர் இப்போதே நாட்காட்டியில் இரண்டாவது ஞாயிற்றைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டு வைத்திருக்கிறார்.