"கொல்கிக்கு எப்படித் தெரியும் மிஸ்?"

வெள்ளவத்தையில் உயர்தரப் பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிப் பதினாறு வருடமாகிறது. "கொல்கி உபகரணம் புரதங்களைத் தரம்பிரித்துப் புடகங்களில் பொதிசெய்து உரிய இடங்களுக்கு அனுப்பும்" என்ற வசனத்தை எத்தனை தரம் பலகையில் எழுதியிருப்பேனோ தெரியாது. கொல்கி என்பது கலத்துக்குள் இருக்கும் ஒரு புன்னங்கம், அதாவது சிறு உறுப்பு; புடகம் என்பது மென்சவ்வாலான சின்னப் பை. போன மாதம் கடைசி வாங்கில் இருந்த ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள்: "எது எங்க போகவேணும் எண்டு கொல்கிக்கு எப்படித் தெரியும் மிஸ்?"

பரீட்சைக்கு அவ்வளவு தேவையில்லை பிள்ளை என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். அன்று இரவு முழுக்க அது மனதை அரித்துக்கொண்டே இருந்தது. அவள் கேட்டதுதான் பாடம். நான் எழுதிப்போட்டது அந்தப் பாடத்தின் தலைப்பு மட்டும்.

தபால் கந்தோர் உதாரணத்தை நாங்கள் எல்லோரும் சொல்கிறோம். கடிதம், முகவரி, தபால்காரர். கேட்க இலகுவாக இருக்கிறது, ஆனால் பிள்ளையின் தலைக்குள் ஒரு தபால்காரரைக் குடிவைத்துவிடுகிறது. கலத்துக்குள் அப்படி வாசித்துத் தீர்மானிக்கிற ஒருவரும் இல்லை. புரதத்தோடு புரதம் பொருந்தும் அல்லது பொருந்தாது, அவ்வளவுதான்.

புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவுக்குக் காலையில் போனவர்களுக்குத் தெரியும். வெங்காய மூட்டையில் மையால் போட்ட அடையாளத்தைப் பார்த்துத்தான் மூட்டை தூக்கும் நாட்டாமி அதை எந்த லொறியில் ஏற்றுவதென்று முடிவுசெய்வார். மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்பது அவருக்குத் தேவையில்லை. மென்சவ்வுப் புரதத்திலும் அடையாளம் இருக்கிறது: மென்சவ்வைத் துளைத்துக்கொண்டு குழியவுருப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் அதன் வாலில், ஒருசில அமினோ அமிலங்களாக. இணைப்புப் புரதங்கள் அந்த வாலைப் பிடித்துக்கொள்கின்றன. அவற்றின் மேல் கிளத்திரின் வந்து அமர்கிறது. மூன்று கால் கொண்ட மூலக்கூறு அது. ஒன்றோடொன்று கோர்த்துக் கூடையாக வளைய, மென்சவ்வும் குழிந்து, கடைசியில் கழுத்து அறுந்து புடகமாகிறது. பத்தாயிரம் புடகங்களை வரிசையாக வைத்தாலும் ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர்தான் வரும். ஆக, இங்கே லொறி ஒன்று வந்து காத்துக்கொண்டு நிற்பதில்லை. மூட்டைகள் சேரச் சேர, அவற்றைச் சுற்றித்தான் லொறியே உருவாகிறது! தபால் உதாரணத்தில் காணாமல் போவது இதுதான்.

கொல்கியிலும் கலத்தின் மேற்பரப்பிலும் இணைப்புப் புரதங்கள் வேறு வேறு, ஆனால் முறை ஒன்றுதான். மேற்பரப்பில் நடப்பதுதான் தெளிவாகத் தெரியவந்த கதை என்பதால் அடுத்த வகுப்பில் அங்கிருந்து தொடங்கினேன். தொடங்கியது ஒரு நுளம்பில். கொழும்பில் பூச்சட்டித் தட்டைக் கவிழ்த்துப் பார்க்க பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வருகிறாரே, அதே டெங்கு நுளம்பு, ஏடிஸ் ஈஜிப்டி. 1964இல் ரொத், போர்ட்டர் என்ற இருவர் அதன் முட்டைக் கலத்தை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தார்கள். இரத்தம் குடித்து 7 மணித்தியாலத்துக்குள் அந்த ஒரு கலத்தின் மேற்பரப்பில் குழிகள் 15 மடங்காகி 3 இலட்சத்தைத் தொட்டிருந்தன. கருவூண் புரதத்தை உள்ளே எடுக்கும் குழிகள் அவை, ஒவ்வொன்றுக்கும் கலத்தின் உட்பக்கமாகத் தும்புத் தும்பாக ஒரு உறை. அந்த உறையின் புரதத்தை பார்பரா பியர்ஸ் பன்றி மூளையிலிருந்து பிரித்தெடுத்து, 1976இல் கிளத்திரின் என்று பெயர் வைத்தார்.

வகுப்பு அமைதியாகிவிட்டது. நுளம்பு என்றதும் போனைக் கீழே வைத்தவர்களும் உண்டு.

அப்புறம் கொலஸ்ட்ரோலுக்கு வந்தேன். இரத்தத்தில் கொலஸ்ட்ரோலைச் சுமந்து திரியும் எல்.டி.எல். துணிக்கையைப் பிடிக்கும் வாங்கிப் புரதத்தில் 839 அமினோ அமிலங்கள், அதில் கலத்துக்குள் நீட்டியிருக்கும் வால் வெறும் 50. பரம்பரையாகக் கொலஸ்ட்ரோல் கூடிய ஒரு நோயாளியின் வாங்கிகள் துணிக்கையைச் சரியாகப் பிடித்தன, ஆனால் குழிகளுக்குள் சேரவில்லை. 1986இல் காரணம் வெளிவந்தது: 807ஆம் இடத்தில் தைரோசினுக்குப் பதில் சிஸ்டீன். 839இல் ஒன்று! கை நன்றாக இருக்கிறது, வாலில் ஒரு எழுத்துப் பிழை, கொலஸ்ட்ரோல் முழுக்க வெளியே தேங்குகிறது. 2001இல் இதன் மறுபக்கமும் தெரிந்தது. சார்டினியாவிலும் லெபனானிலும் சில குடும்பங்களில் வாங்கியில் ஒரு பிழையும் இல்லை, அந்த வாலைப் பிடிக்கவேண்டிய இணைப்புப் புரதத்தில் பிழை. அவர்களுக்கும் கொலஸ்ட்ரோல் அதே மாதிரி ஏறியிருந்தது. அடையாளம் அழிந்தாலும் சரி, அதைப் பிடிக்கும் இணைப்புப் புரதம் பழுதானாலும் சரி, மூட்டை அங்கேயே கிடக்கும்.

இதைச் சொல்ல எனக்கு எடுத்தது நாற்பது நிமிடம். பாடத்திட்டம் பெரிது, நேரமில்லை என்று நாங்கள் சொல்வது உண்மைதான். ஆனாலும் புன்னங்கங்களின் தொழில்களை அட்டவணையாக மனனம் செய்யவைக்க நான் செலவழித்த நேரம் இதைவிடக் கூட. தமிழில் படிக்கிற பிள்ளைக்கு இந்த "எப்படி" பெரும்பாலும் கிடைப்பதேயில்லை. ஆங்கிலத்தில் தேடிப் பார் என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். வாங்கி, வால், புடகம், உறை, குழி. நான் அன்று பாவித்த சொற்கள் இவைதான், ஒன்றுக்கும் அகராதி தேவைப்படவில்லை.

வகுப்பு முடிந்து எல்லோரும் கொப்பிகளை அடுக்கிக்கொண்டிருக்க, அதே பிள்ளை மேசையடிக்கு வந்தாள். உள்ளே போன வாங்கி துணிக்கையை விட்டுவிட்டுப் பத்து நிமிடமளவில் மேற்பரப்புக்குத் திரும்பிவிடும் என்று சொல்லியிருந்தேன். "அப்ப திரும்பிப் போறதுக்கும் வால்ல ஏதாவது இருக்கா மிஸ்?" என்றாள். இந்தமுறை நான் வாசித்து வைத்திருந்தேன். வாலில் அந்த 807ஆம் இடத்தில் முடியும் அஸ்பராஜின், புரோலின், வேலின், தைரோசின் என்ற நாலு அமினோ அமிலங்களையும் பலகையில் எழுதி, கீழே ஒரு கோடு போட்டேன். உள்ளே போகப் பிடிபடுவதும் இந்த இடத்தில்தான், திரும்பி வர வேறொரு புரதம் வந்து பிடிப்பதும் இதே இடத்தில்தான். அவள் கொப்பியைத் திறந்து, நின்ற நிலையிலேயே எழுதிக்கொண்டாள்.