ஷெட்டுல பூட்டி வெச்சதுக்கெல்லாம் விலை ஏத்தாதீங்கய்யா!

மறுபடியும் அதே விளம்பரம். "ஆச்சி வீட்டு அம்பாசிடர், 1986 மாடல், சிங்கிள் ஓனர், 41 ஆயிரம் கிலோமீட்டர்தான், 18 வருஷமா ஷெட்டை விட்டே எடுக்கல." விலை நாலே கால் லட்சம். 18 வருஷம் ஓடலைன்னா விலையைக் குறைக்கணும்யா, ஏத்துறீங்க?

கார் என்ன வெண்கலக் குத்துவிளக்கா, துணி சுத்தி வெச்சா அப்படியே இருக்க? பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும். அந்த ஈரத்துல வீல் சிலிண்டர் உள்ளேயே துரு பிடிச்சு பிஸ்டன் இறுகிக்கும். கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோட ஒட்டிக்கும். டேங்க்ல மிச்சம் கிடந்த பெட்ரோல் பிசினாகி கார்புரேட்டர் ஜெட்டை அடைக்கும். ஆயில் சீல் காஞ்சு வெடிக்கும். எலி வயரிங்கைத் தின்னும். நம்ம செட்டிநாட்டு வெயில்ல ரப்பர்னு பேர் வெச்ச எதுவும் தப்பிக்காது. தினம் காரைக்குடிக்கும் மதுரைக்கும் ஓடுன டாக்ஸி இதைவிட ஆரோக்கியமா இருக்கும்.

போன வாரம் கானாடுகாத்தான் பக்கம் நடந்ததைக் கேளுங்க. தேவகோட்டையிலிருந்து தினமும் காரைக்குடிக்கு வேலைக்குப் போய் வர்ற ஒருத்தர், இதே விளம்பரத்தை நம்பிப் போயிருக்கார். பத்து மணிக்கு வரச் சொன்னார் புரோக்கர். இவர் ஒன்பதரைக்கே போயிட்டார். வண்டி வீட்டு முகப்புக்கு எதிர்ல வேப்பமரத்தடியில கழுவித் துடைச்சு நிக்குது. பானெட்டுல கையை வெச்சா சுடுது.

"வெயில்ல நின்னதுண்ணே."

மரநிழல்ல நிக்கிற வண்டிக்கு ஏதுய்யா வெயில்? ஆள் வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கி வெச்சிருக்காங்க. ஆறிக் கிடக்கிற இன்ஜின்தான் உள்ளதைச் சொல்லும்னு அவங்களுக்கும் தெரியும். நல்லவேளை, இவர் விவரமான ஆள். "ஆறட்டும்"னு திண்ணையில உக்காந்துட்டார். மத்தியானம் சோக்கை இழுத்து ஸ்டார்ட் பண்ணினதும் பின்னாடி நீலப் புகை. தொடக்கத்துல மட்டும் வந்து நின்னா வால்வு கைடு தேய்மானம்னு விடலாம். ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க வந்துக்கிட்டே இருக்கு. அப்படின்னா பிஸ்டன் ரிங் தேஞ்சிருக்கு. ஆயில் ஊத்துற மூடியைத் திறந்தா அங்கேயும் குபுகுபுன்னு புகை. சிலிண்டருக்குள்ள அழுத்தத்தை அளக்குற கம்ப்ரெஷன் கேஜ் மாட்டிப் பார்த்தா மூணு சிலிண்டர்ல 120-ஐ ஒட்டி நிக்குது, ஒண்ணுல 85 பிஎஸ்ஐ. சிலிண்டருக்கு சிலிண்டர் 15-க்கு மேல வித்தியாசம் இருந்தாலே சந்தேகப்படணும்.

"சின்ன வேலைண்ணே, ரிங் செட் போட்டா சரியாயிடும்."

இன்ஜினை இறக்கணும், லேத் பட்டறைக்கு அனுப்பி சிலிண்டர் போர் அளக்கணும், தேய்ஞ்சிருந்தா ஓவர்சைஸ் பிஸ்டன் போடணும். இது சின்ன வேலையா?

அடுத்து மீட்டர். 41 ஆயிரம் ஓடுன வண்டியில கிளட்ச் பெடல் ரப்பர் தேஞ்சு இரும்பு தெரியுது. ஸ்டியரிங்கை ரெண்டு விரக்கடை ஆட்டினாலும் சக்கரம் அசையல. பழைய மீட்டர் பலதுல அஞ்சு இலக்கம்தான், லட்சம் தாண்டினா திரும்பப் பூஜ்யத்துல ஆரம்பிக்கும். இதைச் சொன்னா புரோக்கருக்குக் கோபம் வருது! டயர்ல பட்டன் தேயாம புதுசு மாதிரி இருக்கு, பக்கவாட்டு எண் 2307. அதாவது 2007-ம் வருஷம் 23-வது வாரம். அந்த டயரை நம்பி திருமயம் வரைக்கும்கூடப் போக முடியாது.

இதெல்லாம்கூடப் போகட்டும். இன்ஜினுக்கு வைத்தியம் உண்டு. பாடிக்குத்தான் கிடையாது. அம்பாசிடருக்குத் தனிச் சேஸிஸ் இல்லை, தகடுதான் வண்டியையே தாங்குது. கதவுக்குக் கீழ இருக்கிற சில் தகட்டுல காந்தத்தை வெச்சா ஒட்டாம விழுது. உள்ளே முழுக்கப் பட்டி. மிதியடியைத் தூக்கினா புதுசா அடிச்ச கருப்பு பெயிண்ட். ஸ்க்ரூடிரைவரால தட்டினார், மண்ணைக் குத்தின மாதிரி உள்ளே இறங்கிடுச்சு. ஜாக்கி வெச்சா வண்டி தூக்கல, தகடுதான் உள்ளே போகுது.

"சின்ன வேலைண்ணே, தகடு வெச்சு வெல்டிங் அடிச்சிக்கலாம்."

நாலே கால் லட்சம் கேக்குறப்ப வாய் கூசலையாய்யா?

பேப்பரும் அதே லட்சணம். ஆர்.சி. புக் அந்த வீட்டு ஐயா பேர்ல. ஐயா காலமாகிப் பல வருஷம் ஆச்சு. படிவம் 31 போட்டு வாரிசு பேருக்கு மாத்தின பிறகுதான் விக்கவே முடியும். வாரிசுச் சான்றிதழ்ல இருக்கிறவங்கள்ல ஒருத்தர் மலேசியாவுல, ரெண்டு பேர் சென்னையில. வீட்டுல பங்கு தகராறு இருந்தா கார்லயும் இருக்கும்னு வாங்குறவருக்கு யாரும் சொல்றதில்லை. 15 வருஷம் தாண்டின வண்டிக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை படிவம் 25-ல புதுப்பிக்கணும், பசுமை வரி கட்டணும். இடையில புதுப்பிக்காம விட்டதுக்கெல்லாம் யார் தலையில கை வைப்பாங்க? இன்னொரு கொடுமை, 50 வயசான வண்டிக்கு "விண்டேஜ் நம்பர் வாங்கிடலாம், கௌரவம்"னு ஆசை காட்டுறாங்க. அந்த வி.ஏ. நம்பர் வாங்கினா தினசரி ரோட்டுல ஓட்டக் கூடாது. 2021-ல வந்த விதியே அதுதான்.

தினசரி ஓட்டத்தான் வேணும்னா, இன்னிக்கும் ஓடிக்கிட்டிருக்கிற வண்டியை வாங்குங்க. அம்பாசிடர்தான் வேணும்னா 90-கள்ல வந்த, இசுசு இன்ஜின் வெச்ச 1800 பெட்ரோல், அஞ்சு கியர் வண்டியைப் பாருங்க. பழைய 1489 சிசி இன்ஜின் எளிமையானது, மெக்கானிக்கும் கிடைப்பார், ஆனா நாலுவழிச்சாலையில வேகம் பத்தாது, பஸ் பின்னாடி முட்டுற மாதிரி வரும். அந்தப் பழைய கியர்பாக்ஸ்ல ஒண்ணாம் கியருக்கு, பல்லு மோதாம கியரைச் சேர்க்குற சிங்க்ரோமெஷ் கிடையாது, வண்டி நகரும்போது போட்டா கரகரங்கும். அது கோளாறில்லை. ரெண்டாவது கரகரத்தாதான் கவலைப்படணும். மத்த பழைய கார்ல பத்மினி அழகுதான், ஸ்பேருக்கு அலையணும். கான்டஸாவுக்குக் கண்ணாடி உடைஞ்சா ஊர் ஊராத் தேடணும். ஹெரால்டை ஞாயித்துக்கிழமைக்கு வெச்சுக்கங்க. கையில காசு கம்மி, கார் தினம் கிளம்பணும்னா 1986-க்கு அப்புறம் வந்த மாருதி 800 போதும். 796 சிசி, மூணு சிலிண்டர், சிங்கம்புணரியில நின்னாலும் ஆள் கிடைக்கும். டைமிங் பெல்ட் எப்ப மாத்தினதுன்னு தெரியலைன்னா வாங்கின அன்னைக்கே மாத்துங்க. ஹெட் அலுமினியம், ஒரு தடவை அளவுக்கு மீறிச் சூடேறினா வளைஞ்சிடும்.

எதை வாங்கினாலும் பெட்ரோல் ஹோஸ், பம்ப் டயாப்ரம், கார்புரேட்டர் கிட் மூணையும் எத்தனாலுக்குத் தாங்குற ரகமா மாத்திடுங்க. இப்ப பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால், பழைய ரப்பரைக் கெடுத்திடும். ரேடியேட்டரைக் கழட்டி சுத்தம் பண்ணுங்க. "வெயில் ஊருக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு"ன்னு பிடுங்கிப் போடுற மெக்கானிக் கையில வண்டியைக் குடுக்காதீங்க! காலையில இன்ஜின் சூடேறாமலே ஓடி பெட்ரோலைக் குடிக்கும், போரும் தேயும்.

அந்தக் கானாடுகாத்தான் வீட்டுல இன்னொண்ணு. முகப்புல ஆத்தங்குடிக் கல்லையெல்லாம் பேர்த்துட்டு, அதே டிசைனை அச்சடிச்ச பளபள டைல்ஸ் ஒட்டியிருக்காங்க. கண்ணாடி மேல கலரை ஊத்தி, மணலும் சிமெண்டும் போட்டு, சூளையில சுடாம தண்ணியில ஊற வெச்சு, ஒவ்வொண்ணாக் கையால செஞ்ச கல்லு. நூறு வருஷம் மிதிச்சும் மங்காதது.

"பழைய கல்லெல்லாம் எங்கேய்யா?"

"உடைச்சு ஷெட் தரையில நிரவிட்டோம்ண்ணே. கார் சக்கரம் மண்ணுல புதைஞ்சுக்கிட்டே இருந்துச்சு."