விளக்கை அணைத்ததற்கு எதற்கு ஐயா கூலி?

பெற்றோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் கார் குலுங்குகிறது என்றாலே பட்டரியை மாற்றச் சொல்லும் கராஜ்காரர்கள்மீது எனக்குக் கட்டுக்கடங்காத கோபம். என் கார் காலையில் எஞ்சின் பிடித்ததும் தடதடவென்று அதிரும். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். பிறகு ஒருநாள் செக் எஞ்சின் விளக்கும், ஹைபிரிட் சிஸ்டத்தைப் பரிசோதிக்கச் சொல்லும் எச்சரிக்கையும் சேர்ந்து எரிந்தன. கொழும்பில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். பானட்டைக்கூடத் திறக்கவில்லை. “அண்ணை, பட்டரி முடிந்துவிட்டது” என்றார் அந்தத் தம்பி. இலட்சக்கணக்கில் ஒரு விலையும் சொன்னார்.

காரின் கணினி பதிந்துவைத்த பழுதுகளைப் படிக்கும் ஸ்கேனர் அவர் கையில் இருந்தது. அதில் வந்திருந்தவை பி0301, பி0401 என்ற இரண்டு குறியீடுகள். முதலாவது, ஒன்றாம் சிலிண்டரில் எரிதல் தவறுகிறது என்கிறது. இரண்டாவது, வெளியேறும் புகையை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் இஜிஆர் வழியாக வரவேண்டிய புகை போதிய அளவு வரவில்லை என்கிறது. ஹைபிரிட் பட்டரி தேய்ந்துபோனால் வருவது பி0ஏ80. அது அந்தத் திரையில் எங்குமே இல்லை! எஞ்சினில் என்ன பழுது என்று கார் எழுத்துவடிவில் சொல்லிக்கொண்டிருக்கும்போது, நல்ல பட்டரியைக் கழற்றச் சொல்ல இவர்களுக்கு எப்படி மனம் வருகிறது?

பட்டரி வேண்டாம் என்று மறுத்ததும், ஸ்பார்க் பிளக்கையும் அதற்கு மின்சாரம் தரும் காயிலையும் மாற்றினார்கள். எஞ்சினுக்குக் காற்று நுழையும் திராட்டிலுக்குள் கிளீனர் ஸ்பிரே அடித்தார்கள். கடைசியில் ஸ்கேனரில் குறியீட்டை அழித்து, விளக்கு அணைந்துவிட்டது, எல்லாம் சரி என்று பில்லை நீட்டினார்கள். காய்ச்சல்காரனின் வெப்பமானியை உதறி வைத்துவிட்டு, காய்ச்சல் போய்விட்டது என்று பணம் கேட்கிற வேலை இது. குறியீட்டை அழித்தால் காரின் கணினி தன் சோதனைகளை முதலிலிருந்து தொடங்கும். இஜிஆர் சோதனை முடிய அதற்கு ஏற்ற ஓட்டம் வேண்டும். அதுவரை இஜிஆர் பழுதுக்காக விளக்கு எரியாது. காரை ஒப்படைக்கும் நேரத்தில் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரிவதற்கு அந்த இடைவெளி போதும். இது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை.

இஜிஆர் ஒன்றும் மந்திர வித்தை அல்ல. வெளியேறும் புகையில் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பினால் எரிதலின் வெப்பம் குறைகிறது, நைட்ரஜன் ஆக்சைடுகளும் குறைகின்றன. பெற்றோல் ஹைபிரிட்டுகளில் அது எரிபொருள் நேரம் தவறி வெடிக்கும் எஞ்சின் தட்டலைத் தடுக்கவும், எரிபொருளை மிச்சப்படுத்தவும் உதவுகிறது. அந்தப் புகையைத் தணிப்பதற்காகவே கூலன்ட் என்ற குளிர்விக்கும் திரவம் ஓடும் சிறிய கூலர் ஒன்று இருக்கிறது. அதன் உள்வழிகள் மிகக் குறுகியவை. புகையின் கரியும், எஞ்சினிலிருந்து வரும் எண்ணெய் ஆவியும் சேர்ந்து கூலரிலும், புகையைத் திறந்து மூடும் வால்விலும், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டிலும் கெட்டியாகப் படிகின்றன. கொழும்பிலிருந்து காலிக்குப் போகும் காலி வீதியின் நெரிசலில் எஞ்சின் அணைந்து அணைந்து எரிகிற கார் சரியாகச் சூடாவதே அபூர்வம். படிவு கூடாமல் என்ன செய்யும்?

அதிலும் மேனிஃபோல்டிலிருந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் புகை போகும் துளைகள் சின்னஞ்சிறியவை. நான்கும் ஒரே நாளில் அடைபடுவதில்லை. இரண்டு அடைபட்டால் மற்ற இரண்டுக்கும் அளவுக்கு மிஞ்சிப் போகும், அங்கே எரிதல் தவறும். அடைபட்டவற்றில் வெப்பம் ஏறும். புது வால்வை வாங்கிப் பூட்டிவிட்டு, அடைபட்ட கூலரையும் மேனிஃபோல்டையும் அப்படியே விட்டால் என்ன மாறும்? திராட்டிலில் அடிக்கிற ஸ்பிரே கூலருக்குள் போவதே இல்லை. இரண்டுக்கும் பாதையே வேறு!

சரியாகப் பார்க்க வழியே இல்லையா? இருக்கிறது. ஹைபிரிட் தானாக எஞ்சினை அணைத்துவிடும் என்பதால், முதலில் எஞ்சின் அணையாமல் ஓடும் பரிசோதனை நிலைக்குக் காரைக் கொண்டுவர வேண்டும். அதற்கான முறை சேவைக் கையேட்டில் அச்சிட்டே இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது ஸ்கேனரால் இஜிஆர் வால்வைப் படிப்படியாகத் திறந்தால், மேனிஃபோல்ட் அழுத்தம் ஏற வேண்டும், எஞ்சின் தடுமாற வேண்டும். எந்த மாற்றமும் இல்லையென்றால் பாதை அடைபட்டிருக்கிறது, அல்லது வால்வு அசையவில்லை. பிறகு கூலரைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மறுபக்கம் தெரிகிறதா என்று சின்னப் பிள்ளையும் சொல்லிவிடும். கழற்றினால் கூலன்ட் இறங்கும், பூட்டியபின் காற்றை முழுவதும் வெளியேற்ற வேண்டும். இல்லாவிட்டால் எஞ்சின் கொதித்துவிடும். நேரமெடுக்கிற வேலைதான். அதற்குக் கூலி கேளுங்கள், முகம் சுளிக்காமல் தருகிறேன்.

இவர்களின் அலட்சியத்தில் என்னைப் பயமுறுத்துவது இன்னொன்று. அதே காலை அதிர்வு, சிலிண்டர்களின் மேல்மூடியை அடைத்துவைக்கும் ஹெட் கஸ்கட் கசிந்து இரவில் சிலிண்டருக்குள் கூலன்ட் இறங்குவதாலும் வரும். இஜிஆர் அடைப்பை நீண்டகாலம் விட்டால் அந்த வெப்பமே கஸ்கட்டைக் கெடுக்கும் என்று இந்த எஞ்சின்களில் கைதேர்ந்தவர்கள் பலர் சொல்கிறார்கள். ஆகவே கூலன்ட் அழுத்தச் சோதனையும், பிளக் துளை வழியாகச் சின்னக் கேமராவை விட்டுப் பார்ப்பதும் கட்டாயம். என் காரில் யாரும் கூலன்ட் டப்பாவின் அளவைக்கூடப் பார்க்கவில்லை. ஒருவர் இஜிஆர் பாதையைத் தகடு வைத்து அடைத்துவிடலாம் என்றே சொன்னார். வெப்பத்தைக் குறைக்கவென்று வைத்த ஒன்றை நிரந்தரமாக மூடச் சொல்கிறார் அந்த மனிதர்!

வருடாந்தப் புகைப் பரிசோதனையும் இங்கே கைகொடுக்காது. பெற்றோல் கார்களில் அவர்கள் அளப்பது கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும்தான். நைட்ரஜன் ஆக்சைடு அந்தத் தாளில் வராது.

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025இல்தான் மீண்டும் திறந்தது. அந்த இடைக்காலத்தில் கையிலிருந்த காரை எப்படியாவது ஓடவைப்பதைத் தவிர மக்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. இன்றும் பலருக்கு இல்லை. பிள்ளைகளின் படிப்புச் செலவை ஒதுக்கிவைத்துக் காருக்குக் கொடுக்கிற பணம் அது. கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் எங்கோ கழற்றிய பழைய வால்வைப் புதியதின் விலைக்கு நம் தலையில் கட்டுபவர்களுக்கு அது தெரியவேண்டாமா?

இனி என் காரைத் தொடுகிற எவரிடமும் முதலிலேயே சொல்லப்போகிறேன். குறியீடுகளை அழிக்கும் முன் எனக்குக் காட்டுங்கள், படம் எடுத்துக்கொள்கிறேன். கழற்றிய பாகத்தை என் கையில் தாருங்கள். கூலரையும் மேனிஃபோல்டையும் என் கண்முன் திறந்து காட்டாமல் பட்டரி என்று வாயெடுத்தால், சாவியை வாங்கிக்கொண்டு அடுத்த கராஜுக்குப் போய்விடுவேன்.