புகை கக்கிக் கிளம்பிய டக்கோட்டா

பழைய விமானங்களின் படத்தைப் போட்டுப் 'பொற்காலம்' என்று எழுதும் நண்பர்களுக்கு, அதில் ஏறியவன் என்ற உரிமையில் ஒன்று சொல்கிறேன். பொன்னுமில்லை, மண்ணுமில்லை. காது அடைத்தது, வயிறு புரட்டியது. திருகோணமலையில் பெரும்பாலானோர் சீனன்குடா விமானத்தள வேலிக்கு வெளியே நின்றுதான் விமானம் பார்த்தார்கள். கொழும்புக்குப் போக எங்களுக்கு வாய்த்தது இரவு ரயில். 1960களின் நடுவில் ஏதோ அவசரம் என்று அப்பா எங்களையும் கூட்டிக்கொண்டு டக்கோட்டா என்ற அந்தக்கால விமானத்தில் பறந்தார். அவ்வளவுதான் என் பெருமை.

ஆனால் ஒரு விஷயத்தில் இன்றைய ஜெட் அதற்குக் கிட்டவும் வராது. எப்படிப் பறக்கிறோம் என்பது அதில் ஒரு சிறுவனுக்கே விளங்கியது.

1947 டிசம்பரில் அன்றைய இலங்கை விமான நிறுவனமான எயர் சிலோன் சேவையைத் தொடங்கியதே டக்கோட்டாவை வைத்துத்தான். அதற்கு மூன்றாவது சக்கரம் வாலுக்குக் கீழே. ஆகவே தரையில் மூக்கை நிமிர்த்திக்கொண்டு நிற்கும். பின்கதவால் நுழைந்தால் ஆசனம் வரைக்கும் மேடு. அம்மா ஒரு கையில் சேலைக் கொசுவத்தையும் மறு கையில் ஆசனங்களின் முதுகையும் பிடித்தபடி, கோணேசர் கோவிலுக்கு ஏறுவதுபோல் ஏறினார்.

இறக்கைக்கு ஒன்றாக இரண்டு இயந்திரங்கள். ஒவ்வொன்றிலும் 14 சிலிண்டர்கள் வட்டமாக நிற்கும். ஓய்ந்திருக்கும்போது எண்ணெய் வடிந்து கீழ்ச் சிலிண்டர்களில் தேங்கிவிடும், முடுக்கியதும் அது எரிந்து புகையும். இதெல்லாம் பிறகு படித்தது. அன்று கண்டது, மெதுவாக அசைந்த விசிறி இரண்டு தரம் இருமி, வெண்புகையைக் கக்கி, சட்டென்று இதழ்கள் மறைந்து வட்டமானதுதான். அம்மா "முருகா" என்றார். அப்பா என் வாயில் ஒரு தோடம்பழ இனிப்பைத் திணித்தார்.

ஓடுபாதையில் வேகம் பிடித்ததும் முதலில் எழுந்தது வால். சரிந்திருந்த தரை காலடியில் மட்டமானதை நான் உள்ளங்காலால் அறிந்தேன். அதற்குப் பிறகுதான் சக்கரங்கள் மண்ணை விட்டன.

கீழே துறைமுகம், காட்டுக்குள் வட்டம் வட்டமாக எண்ணெய்த் தாங்கிகள். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானியர் குண்டு போட்ட அன்று ஊரை விட்டு ஓடியவர்களில் அப்பாவும் ஒருவர். வெகுநேரம் ஜன்னலில் நெற்றியை வைத்திருந்துவிட்டு, "அவனுக்கும் இப்படித்தான் தெரிந்திருக்கும்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அண்மையில் ஜெட்டில் போனபோது ஜன்னல் மறைப்பை இறக்கிவிட்டு என் வரிசை முழுவதும் கைபேசியில் மூழ்கியிருந்தது. குறை சொல்லி என்ன? அந்த உயரத்தில் மேகத்தைத் தவிர வேறென்ன தெரியும்! டக்கோட்டாவுக்குள் காற்றை அழுத்தி வைக்கும் வசதி கிடையாது, அதனால் அவ்வளவு உயரம் போகாது. தம்பலகாமத்து வரப்புகள்கூடத் தெரிந்தன. கந்தளாய்க் குளத்து நீரில் எங்கள் விமானத்தின் நிழல் ஓடியது. அது மறுகரை ஏறியதை நான் பார்க்கவில்லை. அதற்குள் கடதாசிப் பைக்குள் குனிந்துவிட்டேன்.