‘தெரியாது’ என்று ஒரு பழம்

ஹங்கேரியின் வடகிழக்கு மூலையில், உக்ரைன் எல்லைக்குப் பக்கத்தில், திசா ஆற்றங்கரையில் சாத்மார்செகெ என்று ஒரு கிராமம். படகு மாதிரிச் செதுக்கிய கட்டைகள் நிற்கும் அந்த ஊர் இடுகாட்டின் படத்தை யாராவது பகிர்ந்துகொண்டே இருக்கிறார்கள். கூடவே ஒரு விளக்கமும் வரும்: “ஹங்கேரியர்களின் மூதாதையர் இறந்தவர்களைப் படகில் வைத்து அடக்கம் செய்தார்கள், அந்த வழக்கத்தின் மிச்சம் இது.” என்னவோ கூடவே நின்று குழி தோண்டின மாதிரி! எனக்கு இதில்தான் எரிச்சல்.

போன வருஷம் நேரில் போய்ப் பார்த்தேன். புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவப் பிரிவான கால்வினிய சபையின் இடுகாடு அது, சிலுவை கண்ணில் படவில்லை. ஒவ்வொரு தலைமாட்டிலும் ஓக் மரத்தில் செதுக்கிய ஒரு கட்டை. கிட்டத்தட்ட ஆள் உயரம், வெயிலும் மழையும் தின்று கறுத்துப்போனவை. இப்படி நூற்றுக்கணக்கில், வரிசை வரிசையாக. தூரத்தில் இருந்து பார்த்தால், படகுகளை எல்லாம் யாரோ செங்குத்தாக நட்டுவைத்துவிட்டுப் போனது போல இருக்கும். கிட்டே போனால் படகு காணாமல் போய்விடுகிறது. மேலே பட்டை பட்டையாகச் சீவிய இடம் நெற்றியும் மூக்குமாக மாறி, முகம் ஒன்று நம்மைப் பார்க்கிறது. பெயரும் வருஷமும் அதற்குக் கீழே.

ஹங்கேரியின் தேசிய கீதமான ஹிம்னுசை எழுதிய கோல்ச்செய் பெரென்ட்ஸும் இங்கேதான் அடங்கியிருக்கிறார். கையெழுத்துப் பிரதியில் உள்ள தேதி 1823 ஜனவரி 22. அந்த நாளைத்தான் ஹங்கேரியப் பண்பாட்டு நாளாகக் கொண்டாடுகிறார்கள். அவருக்கு மட்டும் வெள்ளைப் பளிங்கில் பெரிய கல்லறை. உண்மையைச் சொன்னால், கறுப்புக் கட்டைகளுக்கு நடுவில் அது கொஞ்சம் ஒட்டாமல்தான் நிற்கிறது.

சரி, படகுக்கு வருவோம். இன்னொரு கதையும் உண்டு. வெள்ளக் காலத்தில் பிணத்தைப் படகில்தான் இடுகாட்டுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்ததாம், அந்த நினைவில் கட்டைக்குப் படகு வடிவம் வந்ததாம். இதில் சாகசம் எதுவும் இல்லை. அதனால்தானோ என்னவோ, யாரும் பகிர்வதில்லை. ஆனால் திசாவைப் பற்றித் தெரிந்தவர்கள் இதைச் சட்டென்று ஒதுக்க மாட்டார்கள். 1846-இல் வளைவுகளை வெட்டி நேராக்கத் தொடங்கும் முன்பு அந்த ஆறு சுமார் 1,400 கி.மீ. நீளம், இப்போது ஆயிரத்துக்கும் குறைவு. கரை கட்டியும் அடங்கவில்லை. 1970 மே மாதம் இந்தப் பகுதியில் ஊர் ஊராக வீடுகள் விழுந்தன.

என் மனசு வெள்ளக் கதை பக்கம்தான் சாய்கிறது. பந்தயம் கட்டச் சொன்னால் மட்டும் கட்ட மாட்டேன்.

அப்புறம், இதே வட்டாரத்தில் ஆற்றுப் படுகையில் பாதி காட்டுமரம் போல விளையும் ஒரு பிளம்ஸ் ரகம் இருக்கிறது. பெயர் ‘நெம்துதோம்’. அப்படியென்றால் ‘எனக்குத் தெரியாது’. இது என்ன ரகம் என்று யாரோ கேட்க, அந்தப் பதில் வர, அதுவே பெயராக நின்றுவிட்டதாம். செப்புக் கொப்பரையில் போட்டு, சர்க்கரையே சேர்க்காமல், அடிபிடிக்காதபடி மணிக்கணக்கில் கிண்டி லெக்வார் என்ற ஜாம் காய்ச்சுகிறார்கள். பதம் சரியாக வந்துவிட்டால் கிண்ணத்தைக் கவிழ்த்தாலும் விழாது. நான் வாங்கி வந்த பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தேன். விழவில்லை.